ஒரே பண்ணை, நான்கு கவுன்ட்டிகள்: வடக்கு ஜார்ஜியாவில் ஓர் எல்லை ஆய்வு

அமெரிக்கக் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் சீக்கிரமே இப்படி ஒரு குடும்பத்தைச் சந்திப்பார்கள். 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜார்ஜியா மாநிலம், ஃபோர்சைத் கவுன்ட்டி (கவுன்ட்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு). 1860இல் மில்டன் கவுன்ட்டி. 1930 வரை மில்டன்தான். 1940இல் ஃபுல்டன். காகிதத்தை மட்டும் பார்த்தால் ஓரிடத்தில் நிலைக்காத குடும்பம் என்று தோன்றும். நிலத்தைப் பார்த்தால், 1830களில் வாங்கிய அதே பண்ணையில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். நகர்ந்தது கவுன்ட்டிக் கோடு.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அப்படி ஒரு பண்ணை. குடும்பம் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டது. எல்லை, தேதி, சட்டம், மக்கள்தொகை எல்லாம் உண்மையில் உள்ளவை. இடம், அட்லாண்டாவுக்கு வடக்கே சாட்டஹூச்சி ஆற்றைத் தாண்டியதும் வரும் பகுதி. ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், ராஸ்வெல் என்று சொன்னால் அட்லாண்டா பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்குத் தெரிந்துவிடும். அங்கே வீடு வாங்கியவர்கள் பத்திரத்தில் நில விவரப் பக்கத்தைப் புரட்டினால் லேண்ட் லாட் இத்தனை, டிஸ்ட்ரிக்ட் இத்தனை, செக்‌ஷன் இத்தனை என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்கள் 1832இல் இட்டவை. கவுன்ட்டிப் பெயர் எத்தனை தடவை மாறினாலும் அவை மாறவில்லை.

கவுன்ட்டிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அமெரிக்கத் தென்மாநிலங்களில் திருமண உரிமம், உயில், நிலப் பத்திரம், சொத்து வரி, வழக்கு எல்லாமே கவுன்ட்டித் தலைநகரின் நீதிமன்றக் கட்டடமான கோர்ட்ஹவுஸில்தான் பதிவாகும். பிறப்பு, இறப்பை ஜார்ஜியா மாநிலம் முழுவதும் முறையாகப் பதியத் தொடங்கியதே 1919இல்தான். அதற்கு முந்திய ஒருவரைத் தேடும்போது எந்த ஆண்டில் எந்த கோர்ட்ஹவுஸ் என்று தெரியாவிட்டால் தேடல் நின்றுவிடும். மில்டன் கோர்ட்ஹவுஸின் 1856ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டைக் கேட்டால் கிடைக்காது. அந்த ஆண்டில் மில்டன் கவுன்ட்டியே கிடையாது.

கோடுகள் நகர்ந்த விதம்

ஆற்றுக்கு வடக்கே இருந்தது அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் நாடு. 1828 டிசம்பரில் ஜார்ஜியா சட்டமன்றம் அந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஓரத்திலிருந்த கரோல், டிகால்ப், க்வினெட், ஹால், ஹாபர்ஷாம் கவுன்ட்டிகளோடு சேர்த்துவிட்டதாகச் சட்டம் போட்டது. 1830 ஜூன் 1 முதல் ஜார்ஜியாவின் அதிகாரம் அங்கே செல்லும் என்றும் அறிவித்தது. செரோக்கிகளின் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. 1831 டிசம்பரில் முழுப் பகுதியும் செரோக்கி என்ற ஒரே பெரிய கவுன்ட்டி ஆனது. அடுத்த ஆண்டு நிலத்தை அளந்து செக்‌ஷன், டிஸ்ட்ரிக்ட், லாட் என்று எண் போட்டு, லாட்டரிக் குலுக்கலில் வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். சாதாரண நிலம் 160 ஏக்கர் லாட்டுகளாக, தங்கம் கிடைக்கும் என்று நம்பிய பகுதி 40 ஏக்கர் லாட்டுகளாக. நம் பண்ணை தங்கப் பகுதியில் வருகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்து லாட் எண்கள் நான்கு இலக்கம் வரை போகின்றன.

குலுக்கல் 1832 அக்டோபரில் தொடங்கியது. டிசம்பர் 3ஆம் தேதி அந்தப் பெரிய செரோக்கி கவுன்ட்டி பத்தாக உடைந்தது. அதில் ஒன்று ஃபோர்சைத், இன்னொன்று காப், சுருங்கிய செரோக்கி மற்றொன்று. ஆகவே லாட்டரியில் கிடைத்த பட்டயம் செரோக்கி கவுன்ட்டி என்று சொல்லும், அதே நிலத்தை வாங்கியவரின் பத்திரம் ஃபோர்சைத் என்று சொல்லும். இரண்டும் சரி. பழைய பத்திரங்களில் 'முன்பு செரோக்கி, இப்போது மில்டன் கவுன்ட்டி' என்று எழுதும் வழக்கமே வந்துவிட்டது. இந்தச் சொற்றொடரைப் பார்த்து, குடும்பம் இன்றைய செரோக்கி கவுன்ட்டியில் இருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொரு பொறி: லாட்டரியில் பெயர் விழுந்தவர் எல்லாம் அங்கே குடியேறவில்லை. தெற்கே ஏதோ ஊரில் இருந்துகொண்டே சீட்டை விற்றுவிட்டவர்கள் ஏராளம். லாட்டரிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கவுன்ட்டி அவர் அப்போது வாழ்ந்த கவுன்ட்டி. அவருக்கு விழுந்த நிலம் வேறெங்கோ.

1857 டிசம்பர் 18ஆம் தேதிச் சட்டம் ஃபோர்சைத், செரோக்கி, காப் மூன்றின் ஓரங்களையும் வெட்டி மில்டன் கவுன்ட்டியை உண்டாக்கியது. தலைநகர் ஆல்ஃபரெட்டா. நம் பண்ணை ஃபோர்சைத்திலிருந்து வெட்டிய துண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுபத்து நான்கு ஆண்டுகள் மில்டன் ஓடியது. 1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவான பெருமந்தக் காலத்தில் தன் செலவைத் தானே தாங்க முடியாத நிலைக்கு வந்து, 1932 ஜனவரி 1 அன்று அட்லாண்டா இருக்கும் ஃபுல்டனோடு கலந்தது. தெற்கே இருந்த கேம்ப்பெல் கவுன்ட்டியும் அதே நாளில் கலந்தது. அதே ஆண்டு காப் கவுன்ட்டி ராஸ்வெல்லை ஃபுல்டனுக்கு விட்டுக்கொடுத்தது. ஃபுல்டன் கவுன்ட்டி இன்று வரைபடத்தில் வடக்கு தெற்காக அப்படி ஒரு விசித்திர நீளத்தில் கிடப்பதற்கு 1932தான் காரணம்.

இன்றைக்கு மில்டன் என்று தேடினால் முதலில் வருவது 2006இல் உருவான மில்டன் நகரம். பழைய கவுன்ட்டியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பரப்பு ஒன்றல்ல. தேடுபொறி இதைப் பிரித்துச் சொல்லாது.

கணக்கெடுப்புத் தாள்களில் அந்தப் பண்ணை

1830 கணக்கெடுப்பில் இந்த இடத்தைத் தேடிப் பயனில்லை. அப்போது அது செரோக்கி நாடு. கூட்டாட்சிக் கணக்கெடுப்பு அதை எண்ணவில்லை. வெள்ளைக் குடும்பம் என்றால் அந்த ஆண்டில் வேறெங்கோ இருந்திருக்கிறார்கள், அது உண்மையான இடப்பெயர்ச்சி. செரோக்கி வம்சாவளியினர் தேடவேண்டியது 1835இல் வெளியேற்றத்துக்கு முன் அரசு எடுத்த தனிக் கணக்கு. அதில் குடும்பத் தலைவர் எந்த ஆறு, எந்த ஓடையின் கரையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறது. கவுன்ட்டி எல்லை வரைபடம் அங்கே அவ்வளவாக உதவாது. நீரோடைகள் உள்ள வரைபடம் வேண்டும். 1838இல் அவர்களை மேற்கே துரத்தியாயிற்று. ஓடைகள் அங்கேயேதான் இருக்கின்றன, பலவற்றின் பெயர்கூட மாறவில்லை.

1840இல் ஃபோர்சைத். குடும்பத் தலைவரின் பெயர் மட்டும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த மாநிலம் வருகிறது. அடிமைப்பட்டவர்கள் 1850, 1860 இரண்டிலும் தனி அட்டவணையில், உரிமையாளரின் பெயருக்குக் கீழே, பெயரில்லாமல், வயது, பாலினம், நிறம் போன்ற விவரங்களோடு. அவர்களுடைய பெயர்கள் மொத்தமாக வெளியே வருவது 1870இல். ஆக, மில்டனில் 1870இல் முதன்முதலாகப் பெயரோடு தோன்றும் ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டுமென்றால், உரிமையாளரின் 1857க்கு முந்திய உயில், சொத்துப் பட்டியல் ஆகியவற்றை ஃபோர்சைத், செரோக்கி, காப் மூன்றிலும் பார்க்க வேண்டும். எல்லை வரைபடம் இங்கே தேடலைக் குறைக்கவில்லை, மூன்று மடங்காக்குகிறது. இருந்தாலும் சரியான மூன்று இடங்கள்.

1850க்கும் 1860க்கும் இடையில் குடும்பம் நகரவில்லை என்று எப்படி உறுதி செய்வது? வரைபடம் மட்டும் போதாது. அது 'நகராமல் இருந்திருக்கலாம்' என்றுதான் சொல்லும். அக்கம்பக்கத்தாரைப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போனவர். 1850 ஃபோர்சைத் தாளில் முன்னும் பின்னும் இருக்கும் குடும்பங்களில் பலர் 1860 மில்டன் தாளிலும் பக்கத்தில் இருந்தால் ஊரே சேர்ந்து நகர்ந்திருக்க வாய்ப்பில்லை. அப்புறம் வரிப் பதிவேடு. ஜார்ஜியாவில் ஆண்டுதோறும் எடுத்த இந்தப் பதிவேடுகளில், நன்றாக எழுதியிருக்கும் ஆண்டுகளில், லாட் எண்ணும் இருக்கும். 1857 ஃபோர்சைத் பதிவேட்டில் ஒரு லாட் எண், 1859 மில்டன் பதிவேட்டில் அதே எண், அதே ஆள் என்றால் விஷயம் முடிந்தது. நம் ஊரில் மாவட்டத்தைப் பிரித்தாலும் சர்வே எண்ணை வைத்து நிலத்தைப் பிடிப்பது போலத்தான்.

லாட் எண் கிடைக்காதபோது இன்னொரு பிடி இருக்கிறது. ஜார்ஜியாவில் கவுன்ட்டிக்குள் மிலிஷியா டிஸ்ட்ரிக்ட் என்ற பிரிவு உண்டு. பழைய குடிப்படைக்காக வகுத்தது. படை போனபின்னும் வரிக்கும் தேர்தலுக்கும் கணக்கெடுப்புக்கும் அதுவே அலகாக நின்றது. அதன் எண் மாநிலம் முழுவதற்கும் தொடர் எண், பொதுவாகக் கவுன்ட்டி மாறினாலும் கூடவே வரும். கணக்கெடுப்புத் தாளின் தலைப்பில் ஜி.எம். (ஜார்ஜியா மிலிஷியா) என்ற எழுத்துகளோடு இருக்கும் அந்த எண்ணை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், ஜார்ஜியா ஆராய்ச்சியில் கவுன்ட்டிப் பெயருக்கு முன்னால் குறித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

1890 தாள்கள் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் பெரும்பகுதி எரிந்தும் நனைந்தும் போக, மிச்சத்தையும் பின்னால் அழித்துவிட்டார்கள். ஜார்ஜியாவுக்குக் கொலம்பஸ் நகரத்தின் சில தாள்களே தப்பின. 1880க்கும் 1900க்கும் நடுவில் விழும் இருபது ஆண்டு இடைவெளியை மில்டன் வரிப் பதிவேடுகளைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

1930 ஏப்ரல் 1 அன்று பண்ணை மில்டனில். 1940 ஏப்ரல் 1 அன்று ஃபுல்டனில். 72 ஆண்டு இரகசியக் காலம் முடிந்து 2022இல் வெளியான 1950 தாள்களிலும் ஃபுல்டன்தான்.

ஆவணங்கள் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய கவுன்ட்டி பிறக்கும்போது பழைய புத்தகங்கள் தாய்க் கவுன்ட்டியிலேயே இருந்துவிடும். எனவே 1857 வரையிலான பத்திரங்கள் ஃபோர்சைத்தின் தலைநகரான கம்மிங்கில். ஒரு கவுன்ட்டி மறையும்போது அதன் புத்தகங்கள் வாரிசுக் கவுன்ட்டிக்குப் போகும், மில்டனுடையவை ஃபுல்டனுக்கு. ஜார்ஜியா மாநில ஆவணக் காப்பகம் மோரோ நகரத்தில் இருக்கிறது, இந்தக் கவுன்ட்டிகளின் நுண்படச் சுருள்கள் அங்கே உண்டு. ஆனால் பத்திரத்தில் ஒரு சிக்கல். எழுதிய நாளும் பதிந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1845இல் எழுதிய பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்து, தகராறு வந்த பிறகு 1870களில் பதிந்தவர்கள் உண்டு. அப்படியானால் ஃபோர்சைத் காலத்துப் பத்திரம் மில்டன் புத்தகத்தில் கிடைக்கும்.

எந்த வரைபடம்

சிகாகோவின் நியூபெரி நூலகம், ஜான் லாங் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1629 முதல் 2000 வரை அமெரிக்கக் கவுன்ட்டி எல்லைகளில் நடந்த மாற்றங்களைத் தொகுத்திருக்கிறது. இலவசம். ஒவ்வொரு கவுன்ட்டியின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அதற்குக் காரணமான சட்டம் மூன்றும் சேர்த்தே இருக்கும். பத்தாண்டுக்கு ஒரு படம் போடும் வரைபடங்கள் பார்க்க வசதியானவைதான். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிறந்து மறைந்த எல்லைகளை அவை காட்டாது. திருமணமும் உயிலும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பதில்லையே.

ஆண்டை அல்ல, நாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு நாள் 1830 முதல் 1900 வரை ஜூன் 1, 1890இல் மட்டும் ஜூன் 2. 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1, 1930 முதல் ஏப்ரல் 1. புள்ளிவிவரத்தோடு எல்லையையும் கணினி வரைபடமாக வைத்து வேலை செய்கிறவர்களுக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் என்.எச்.ஜி.ஐ.எஸ். தொகுப்பு பொருந்தும், 1790 தொட்டு ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் கவுன்ட்டி எல்லைகள் அதில் இருக்கின்றன.

இரண்டிலும் எல்லையை ஒட்டிய பண்ணைகளுக்குக் கோட்டை அப்படியே நம்பக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு ஒரு பழக்கம்: யாராவது ஒருவர் தன் வீடு பக்கத்துக் கவுன்ட்டியில் இருந்தால் வசதி என்று கேட்டால், இந்த லாட் இனி அந்தக் கவுன்ட்டி என்று ஒரு குட்டிச் சட்டம் போட்டுவிடுவார்கள். கோர்ட்ஹவுஸ் கிட்டே வரும் என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள், வரிக்காரரோடு ஆகாமல் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். பல மாற்றங்கள் வரைபடத்தில் வரையவே முடியாத அளவுக்குச் சிறியவை. அவற்றுக்கு அந்தந்த ஆண்டுச் சட்டத் தொகுதியைத்தான் புரட்ட வேண்டும்.

பெயர் மாற்றம் தனிக் கதை. 1832இல் பிறந்த பத்தில் ஒன்றான காஸ் கவுன்ட்டி, உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் பார்ட்டோ ஆனது. லூயிஸ் காஸ் வடக்கத்தி அரசியல்வாதி என்பதால் பெயரைத் தூக்கிவிட்டார்கள். நிலம் அதேதான்.

தொகையைப் படிக்கும்போது

தனிக் குடும்பத்தை விட்டுவிட்டு மொத்த மக்கள்தொகையை ஆராய்கிறவர்களையும் இந்தக் கோடுகள் ஏமாற்றும். ஃபோர்சைத்தின் மக்கள்தொகை 1850இல் 8,850, 1860இல் 7,749. செரோக்கி கவுன்ட்டி 12,800இலிருந்து 11,291. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மலையடிவார மக்கள் நிலம் மலடாகி மேற்கே கிளம்பிவிட்டார்கள் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். 1860இல் புதிய மில்டனில் 4,602 பேர் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தவுடன் அந்தக் கட்டுரை ஆட்டம் காணும். செரோக்கியின் குறைவை மில்டன் மேல் மட்டும் போடவும் முடியாது. 1853இல் பிக்கன்ஸ் கவுன்ட்டி உருவானபோது செரோக்கியின் வடக்குப் பகுதியும் போய்விட்டது.

எதிர்த்திசையில் ஃபுல்டன். 1930இல் 318,587, 1940இல் 392,886. பத்தாண்டில் 74,299 பேர் கூடியிருக்கிறார்கள். 1930 கணக்குப்படி மில்டனில் 6,730 பேர், கேம்ப்பெல்லில் 9,903 பேர். இந்த 16,633 பேரும் அட்லாண்டாவைத் தேடி வந்தவர்கள் அல்ல, அட்லாண்டாவின் கவுன்ட்டி அவர்களைத் தேடிப் போனது. ராஸ்வெல் துண்டு இதற்கு மேல். பெருமந்தக் காலத்தில் கிராமத்தார் நகரத்துக்குப் பெயர்ந்தார்கள் என்பதற்கு இந்த வளர்ச்சியை ஆதாரமாகக் காட்டுகிறவர், மூன்றையும் 1930லேயே சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

கோடு நகராத இடம்

வரைபடத்தின் இன்னொரு உபயோகம், எல்லை மாறவில்லை என்று சொல்வது. ஃபோர்சைத் கவுன்ட்டியில் 1910 கணக்கெடுப்பில் 1,098 கறுப்பினத்தவர் இருந்தார்கள். 1920இல் கிட்டத்தட்ட ஒருவரும் இல்லை. மில்டன் கதையைப் படித்துப் பழகிய ஆராய்ச்சியாளர் முதலில் எல்லையைச் சந்தேகிப்பது இயல்பு. வரைபடத்தில் 1910 ஏப்ரல் 15, 1920 ஜனவரி 1 இரண்டு நாளையும் போட்டுப் பாருங்கள். இத்தனை பேரை விழுங்கும்படியான எல்லை மாற்றம் எதுவும் இல்லை. இங்கே ஆட்கள்தான் போயிருக்கிறார்கள், போகவைக்கப்பட்டார்கள். 1912 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெள்ளைக் கும்பல்கள் இரவில் வீடு வீடாகப் போய், சுட்டும் எரித்தும் கவுன்ட்டியின் கறுப்பினத்தவர் ஏறக்குறைய எல்லோரையும் துரத்திவிட்டன.

இந்தக் குடும்பங்களைத் தேடுகிறவர் செய்ய வேண்டியது வேறு வேலை. ஃபோர்சைத் 1910 தாளில் சொந்த நிலம் என்று குறித்திருப்பவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களை 1912ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டில் லாட் எண்ணோடு பிடிக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த லாட் யார் பெயரில் வருகிறது, கம்மிங் பத்திரப் புத்தகத்தில் அதற்கு விற்பனைப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலர் அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள். சிலருடைய நிலம் விற்பனையே இல்லாமல் கை மாறியிருக்கிறது. ஆட்களை 1920 தாள்களில் தேட வேண்டிய இடங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹால் கவுன்ட்டியின் கெய்ன்ஸ்வில், தெற்கே அட்லாண்டா, பிறகு மற்ற பக்கத்துக் கவுன்ட்டிகள். கெய்ன்ஸ்விலில் போன இடத்திலும் சிலருக்குத் தொல்லை தொடர்ந்தது, அதனால் அங்கே பெயர் கிடைக்கவில்லை என்றால் தேடலை நிறுத்தாமல் அட்லாண்டாவின் 1913க்குப் பிந்திய முகவரிப் புத்தகங்களுக்குப் போகலாம்.